அம்மாவுக்கு வீடு கட்டிய ராணி!

1861-ம் வருடம், பிப்ரவரி 18. கொல்கத்தாவின் காளிகட்டம் பகுதி. ஆதிகங்கையின் கரையோரம் இருந்த ஒரு வீட்டில், 67 வயது மூதாட்டி ஒருவர் நோயுற்றுப் படுத்திருக்கிறார். கீழே விழுந்ததில் ஆரம்பித்த உபாதை... காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று வளர்ந்து, வைத்தியர்கள் கைவிட்டுவிட்ட நிலை.

அவர் முன் ஒரு பத்திரம் நீட்டப்படுகிறது. நடுங்கும் கையால் அதில் கையெழுத்திடுகிறார். கோயில் ஒன்றின் நித்திய செலவுக்காக, பெரிய நிலச்சொத்து ஒன்றை அம்பாளின் பெயருக்கே எழுதிவைக்கும் சாசனம் அது. இந்தச் சொத்தில் எங்களுக்கு உரிமை இல்லை என்று உயிரோடிருந்த இரண்டு மகள்களும் சம்மதக் கையெழுத்துப் போடவேண்டும். இளையவள் போட்டுவிட்டாள். மூத்தவள் போடவில்லை!

அந்த மூதாட்டி, ராணி ராசமணி. அந்தக் கோயில், தட்சிணேஸ்வரம் பவதாரிணி காளி கோயில். ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்சர் சுமார் 30 ஆண்டுகள் வாழ்ந்து, அன்னையை நேருக்கு நேர் கண்டு பேசிய அதே புண்ணிய பூமி!

ஸ்ரீராமகிருஷ்ணரை நமக்குத் தெரியும். அன்னை சாரதாதேவியைத் தெரியும். சுவாமி விவேகானந்தரைத் தெரியும். ஆனால், இவர்கள் எல்லோருக்கும் ஓர் இடம் அமைத்துக் கொடுத்த இந்தக் குடும்பத் தலைவியைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நான்கு பெண்களைப் பெற்று, கணவரை இழந்து, பெரிய ஜமீனைக் கட்டிக்காத்து, ஊராருக்காக அரசாங்கத்தையே எதிர்த்து நின்று, கடைசி மூச்சுவரை அன்னையின் பாதத்தையே நினைத்திருந்த அந்தப் பெண்மணியின் வாழ்க்கையைத்தான் இப்போது பார்க்கப்போகிறோம்.

ராணி என்பது செல்லப் பெயர்!

ராணி என்றதும் கிரீடம், சிம்மாசனம் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். அவர் எந்த நாட்டுக்கும் ராணி இல்லை. அது அவருடைய தாய் ஆசையாக வைத்த செல்லப் பெயர்!

வங்காளத்தில், ஹாலிசஹர் என்ற ஊருக்கு அருகே கங்கைக் கரையில் இருக்கிறது கோனா கிராமம். அங்கே ஹரேகிருஷ்ண தாஸ் - ராம்பிரியா தம்பதியின் மகளாக, 1793-ம் வருடம் செப்டம்பர் 28 அன்று பிறந்தார் ராசமணி. கைவர்த்தர் என்ற உழைக்கும் சமூகத்தைச் சேர்ந்த எளிய குடும்பம். பணம் காசு இல்லாவிட்டாலும் பக்திக்குக் குறைவில்லை. தந்தைக்கு எழுதப் படிக்கத் தெரியும். மாலை நேரங்களில் அவர் ராமாயணமும் மகாபாரதமும் படிக்க, குட்டிப்பெண் ராசமணி பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாளாம். பெண் குழந்தைகளுக்குப் படிப்பு எதற்கு என்று இருந்த அந்தக் காலத்தில், மகளுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார் அவர்.

ராசமணிக்கு ஏழு வயதானபோது தாய் காலமாகிவிட்டார். அம்மா போய்விட்டார், அம்மா வைத்த பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பின்னாளில் கொல்கத்தா நகரமே அவரை ராணி என்று அழைத்தது, அந்த ஏழைத் தாயின் வாய்முகூர்த்தம்தான் போலும்!

கொல்கத்தா, ஜான்பஜாரின் பெரிய செல்வந்தர் பிரீத்ராம் தாஸ். அவருடைய மகன் ராஜசந்திர தாஸ். தீர்த்த ஸ்நானத்துக்காகக் கங்கையில் படகில் போனபோது, கோனா கிராமத்துப் படித்துறையில் ராசமணியை அவர் பார்த்தார் என்று சொல்வார்கள். 1804-ல் திருமணம் நடந்தது. மணப்பெண்ணுக்கு 11 வயது. கூரை வீட்டிலிருந்து வந்த பெண், மாளிகைக்கு மருமகளானாள்.

வசதி வந்ததும் பழசை மறப்பவர்கள் உண்டு. ராசமணி மறக்கவில்லை. குலதெய்வமான ரகுநாதருக்கு அன்றாடம் பூஜைக்கான வேலைகளைத் தானே கவனித்தார். கணவரும் தங்கமானவர். மனைவியின் யோசனை கேட்காமல் முக்கியமான எந்தக் காரியத்தையும் அவர் செய்ததில்லை என்பார்கள்.

ராசமணியின் தந்தை காலமானபோது, ஈமச் சடங்குக்காகக் கங்கைக் கரைக்குப் போனார் ராசமணி. வழியெல்லாம் சேறும் சகதியுமாகக் கிடந்தது. படித்துறையோ, கால் வைத்தால் வழுக்கிவிடும். நமக்கே இப்படி என்றால் தினமும் நீராட வருகிற ஏழை ஜனங்கள் என்ன பாடு படுவார்கள் என்று மனம் கலங்கி, கணவரிடம் சொன்னாராம். ராஜசந்திரர் தன் செலவில் கங்கைக்கு ஒரு சாலையும், அழகான படித்துறையும் அமைத்துக் கொடுத்தார். 1830-ல் கட்டப்பட்ட அந்தப் படித்துறைதான், கொல்கத்தாவில் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கும் பாபுகாட். அந்தச் சாலையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது!

துணை போனாலும் துணிவு போகவில்லை!

பத்மமணி, குமாரி, கருணாமயி, ஜகதம்பா... நான்கும் பெண்கள். மூன்றாவது மகள் கருணாமயியை மதுர்மோகன் என்ற புத்திசாலி இளைஞருக்கு மணம் செய்து கொடுத்தார்கள். ஆனால், கருணாமயி இளம் வயதிலேயே இறந்துபோனாள். மாப்பிள்ளையை விட்டுவிட மனமில்லை. இளைய மகள் ஜகதம்பாவை அவருக்கே மணம் முடித்தார்கள்.

மகளைப் பறிகொடுத்த சோகம் ஆறுவதற்குள் அடுத்த இடி. 1836-ல் ராஜசந்திரர் காலமானார். ராசமணிக்கு அப்போது 42 வயது.

மூன்று நாட்கள் அன்னம் தண்ணீர் இல்லாமல் அழுதுகொண்டே கிடந்தார் என்பார்கள். பிறகு எழுந்தார். கணவருக்குரிய காரியங்களைக் குறைவில்லாமல் செய்தார். தராசின் ஒரு தட்டில் தான் அமர்ந்து, எடைக்கு எடை வெள்ளி நாணயங்களைத் துலாபாரமாகத் தானம் தந்தார்.

ஆண் வாரிசு இல்லாத வீடு, அளவில்லாத சொத்து, படியிறங்கி வெளியே வராத விதவைப் பெண். நிர்வாகம் செய்து தருகிறேன் என்று பெரிய மனிதர்கள் வராமல் இருப்பார்களா? அப்படி வந்தவர்களில் ஒருவர் துவாரகநாத் தாகூர். கவி ரவீந்திரநாத்தின் தாத்தா. கொல்கத்தாவில் அவர் பெயரைச் சொன்னாலே மதிப்பு. ராசமணியோ மறுத்துப் பேசவில்லை. மிகவும் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு, தன் கணவரிடம் அவர் வாங்கியிருந்த இரண்டு லட்ச ரூபாய் கடனைத் திருப்பித் தந்தால் உபகாரமாக இருக்கும் என்று கேட்டாராம்! அவர் கடனுக்கு ஈடாக நிலத்தை எழுதிக்கொடுத்தார். கடன் தீர்ந்த பிறகு, சொத்துகளை மாப்பிள்ளைகளே கவனித்துக்கொள்வார்கள் என்று பதமாகச் சொல்லி அனுப்பிவிட்டாராம் ராசமணி.

மாப்பிள்ளை மதுர்பாபுவின் உதவியோடு ஜமீன் கணக்குகளைத் தானே பார்த்தார். அவருடைய முத்திரையில் என்ன பொறித்திருந்தார் தெரியுமா? ஜமீன்தாரிணி என்றல்ல... காளியின் திருவடியை விரும்பும் ராசமணி தாசி என்றுதான். சொத்துக் காகிதங்களில் எல்லாம் விழுந்த முத்திரை அது!

கங்கைக்குக் குறுக்கே சங்கிலி!

கங்கையில் மீன்பிடித்துப் பிழைத்துவந்த ஏழைகள் மீது கிழக்கிந்தியக் கம்பெனி அரசாங்கம் வரி போட்டது. படகுகள் கப்பல் போக்குவரத்துக்கு இடைஞ்சலாம். மீனவர்கள் பெரிய மனிதர்கள் பலரிடம் போய் அழுதார்கள். பலன் இல்லை. கடைசியில் ராசமணியின் வாசலுக்கு வந்தார்கள்.

ராசமணி, குசுரியிலிருந்து மேட்டியாபுருஜ் வரை உள்ள கங்கைப் பகுதியை அரசாங்கத்திடமிருந்து 10,000 ரூபாய்க்குக் குத்தகைக்கு எடுத்தார். அரசாங்கமும் வருமானம் வந்ததே என்று கொடுத்துவிட்டது. மறுநாள் பார்த்தால்... ஆற்றுக்குக் குறுக்கே இரும்புச் சங்கிலி! கப்பல்கள் நகர முடியவில்லை. அதிகாரிகள் பதறிப்போய் விளக்கம் கேட்டார்கள். காசு கொடுத்துக் குத்தகை எடுத்திருக்கிறேன், கப்பல்கள் வந்துபோனால் மீன்கள் கலைந்துவிடும், என் மீனவர்களுக்கு நஷ்டம் ஆகும் என்று பதில் போனது.

சட்டத்தில் தப்பே இல்லை. என்ன செய்வார்கள்? வரியை நீக்கி, குத்தகைப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது அரசாங்கம். அதன் பிறகே சங்கிலி இறங்கியது!

இன்னொரு சமயம் துர்கா பூஜை. விடியற்காலையில் மேளதாளத்தோடு நவபத்ரிகையைக் கங்கையில் நீராட்ட எடுத்துச் செல்வது வங்காளத்து மரபு. சத்தத்தில் தூக்கம் கலைந்த வெள்ளைக்காரர் ஒருவர் புகார் செய்தார். அடுத்த நாள் இன்னும் அதிக மேளங்களோடு ஊர்வலத்தை அனுப்பினார் ராசமணி. வழக்குப் போட்டு, 50 ரூபாய் அபராதம் விதித்தார்கள். அபராதத்தைக் கட்டினார். கட்டிய கையோடு, ஜான்பஜாரிலிருந்து பாபுகாட் வரை போகிற சாலையின் இரு பக்கமும் வேலி அடைத்துவிட்டார்.

ஆமாம், அதே சாலைதான்! அவர் கணவர் போட்ட சாலை, சொந்தச் சொத்து. யாரும் குறுக்கே போக முடியாமல் நகரம் தவித்தது. கடைசியில் அரசாங்கம் சமாதானம் பேசி, அபராதத்தைத் திருப்பிக் கொடுத்தது.

ஒருமுறை, குடிபோதையில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஜான்பஜார் மாளிகைக்குள் புகுந்து சூறையாடினார்கள். காவலாட்கள் அடிபட்டு விழுந்தார்கள். ஆண்கள் யாரும் வீட்டில் இல்லை. உறவுக்காரப் பெண்கள் பின்புறமாகத் தப்பி ஓடச் சொல்லியும் ராசமணி நகரவில்லை. கையில் வாளை எடுத்துக்கொண்டு, ரகுநாதர் சந்நிதி வாசலில் நின்றுவிட்டார்! நகைகள் போகட்டும், சுவாமிமேல் கை வைக்க விடமாட்டேன் என்ற உறுதி. சந்நிதிக்குள் ஒருவனும் நுழையவில்லை.

வாளை எடுத்த அதே கை, வாரி வழங்கவும் செய்தது. ரகுநாதரின் ரத யாத்திரைக்காக லட்ச ரூபாய்க்கு மேல் செலவழித்து வெள்ளித் தேர் செய்தார். பூரி ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை மூவருக்கும் வைரம் பதித்த கிரீடங்களைச் சாத்தினார். சுவர்ணரேகா நதிக் கரையிலிருந்து பூரிக்கு நடந்துபோகும் யாத்ரிகர்களுக்காகச் சாலை போட்டுக் கொடுத்த புண்ணியமும் அவரையே சேரும் என்று சொல்கிறார்கள்.

புறப்படாத காசி யாத்திரை

1847-ம் வருடம். விஸ்வநாதரையும் அன்னபூரணியையும் தரிசிக்க வேண்டும் என்பது ராசமணியின் நெடுநாள் ஆசை. ரயில் இல்லாத காலம். கங்கை வழியாகவே போகவேண்டும். 24 படகுகள் தயாராயின. உறவினர்கள், வேலையாட்கள், பல மாதங்களுக்கான அரிசி, பருப்பு, துணிமணிகள் எல்லாம் ஏற்றியாகிவிட்டது.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு, கனவில் அன்னை காளி தோன்றினாள். காசிக்குப் போக வேண்டாம். கங்கைக் கரையில் அழகான ஓர் இடத்தில் எனக்குக் கோயில் எழுப்பி, தினமும் பூஜை செய், நான் அங்கேயே இருந்து உன் பூஜையை ஏற்பேன் என்பதாக உத்தரவு.

யாத்திரை நின்றது. சேகரித்த பொருட்களை எல்லாம் ஏழைகளுக்கும் அந்தணர்களுக்கும் தானமாகக் கொடுத்துவிட்டு, இடம் தேட ஆரம்பித்தார்.

கங்கையின் மேற்குக் கரை, காசிக்குச் சமானம் என்பது நம்பிக்கை. அங்கேதான் முதலில் முயன்றார். ஆனால், அந்தப் பகுதி ஜமீன்தார்கள் இடம் கொடுக்க மறுத்துவிட்டார்கள். இன்னொருவர் கட்டும் படித்துறை வழியாகக் கங்கையில் இறங்கமாட்டோம் என்ற வீம்பு! வேறு வழியில்லாமல் கிழக்குக் கரையில், தட்சிணேஸ்வர கிராமத்தில் சுமார் 20 ஏக்கர் நிலத்தை வாங்கினார். அதன் ஒரு பகுதி, ஆங்கிலேயர் ஒருவருடையது. இன்னொரு பகுதியில் இஸ்லாமியர்களின் மயானமும், ஒரு மகானின் சமாதியும் இருந்தன. ஆமை முதுகு போன்ற மேட்டு நிலம். சக்தி வழிபாட்டுக்கு மிகவும் உகந்தது என்கிறது தந்திர சாஸ்திரம்.

சுமார் எட்டு வருடங்கள் திருப்பணி நடந்தது. ஒன்பது சிகரங்களோடு காளி கோயில், ராதாகாந்தர் கோயில், கங்கைக் கரையோரம் வரிசையாகப் பன்னிரண்டு சிவாலயங்கள், நாகசுர மண்டபம் போல இசைக் கலைஞர்களுக்கான நஹபத்... ஒன்பது லட்ச ரூபாய்க்கு மேல் செலவானது. இந்தக் காலம் முழுவதும் ராசமணி மாளிகையில் இருந்தபடியே தபஸ்வினியாக வாழ்ந்தார். மூன்று வேளை ஸ்நானம், ஹவிஸ்யான்னம், தரையில் படுக்கை, ஓயாத ஜபம். வீடு கட்டும்போது நாமும்தான் விரதம் இருக்கிறோம். அவர் விரதம் இருந்தது அம்மாவின் வீட்டுக்காக!

நீ கட்டிய கோயிலில் நீ படைக்கக் கூடாது!

அன்னைக்குச் சோறு படைக்கவேண்டும் என்பது ராசமணியின் பெரிய ஆசை. வங்காளத்தில் காளியை அம்மா என்றுதான் அழைப்பார்கள். அம்மாவுக்கு வீடு கட்டியாயிற்று. ஒரு வாய் சோறு போடாமல் இருக்க முடியுமா?

ஆனால், பண்டிதர்களோ முடியாது என்றார்கள். ராசமணி பிறந்த குலத்தைக் காரணம் காட்டி, அவர் கோயிலில் அன்ன நைவேத்தியம் செய்ய சாஸ்திரம் இடம் தராது என்று பல ஊர்களிலிருந்தும் பதில் வந்தது. ஒன்பது லட்சம் செலவழித்தவர், ஒரு பிடி சோறு படைக்க அனுமதி கேட்டு ஊர் ஊராகக் கடிதம் அனுப்பிக் காத்திருந்தார்! படிக்கிற நமக்கே நெஞ்சு கனக்கிறது. அந்தத் தாயின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்?

கொல்கத்தாவில், ஜாமாபுகூர் என்ற இடத்தில் சிறிய சம்ஸ்கிருத பாடசாலை நடத்திவந்த ராம்குமார் சட்டோபாத்யாயர் என்ற அந்தணர் மட்டும் வேறு மாதிரி பதில் சொன்னார். பிரதிஷ்டைக்கு முன்பே கோயிலை ஓர் அந்தணருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டு, அவர் மூலம் பிரதிஷ்டை செய்து அன்னம் படைத்தால் தோஷமில்லை என்றார். ராசமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது! கோயிலைத் தன் குருவின் பெயரில் எழுதிவைத்தார். அன்னைக்குச் சோறு கிடைக்குமென்றால், தன் கோயில் தன்னுடையதாக இல்லாமல் போனாலும் சரி என்பது அவர் நிலை.

அப்போதும் பூஜைக்கு அர்ச்சகர்கள் முன்வரவில்லை. வழி சொன்ன ராம்குமாரையே வேண்டிக் கேட்டுக்கொண்டார். அவர் சம்மதித்தார். 1855-ம் வருடம் மே 31, வியாழக்கிழமை, ஜகந்நாதரின் ஸ்நான யாத்திரைத் திருநாளில் பிரதிஷ்டை வைபவம் கோலாகலமாக நடந்தது. ஊரே கூடி விருந்து உண்டது.

ஒரே ஒருவர் மட்டும் அந்த விருந்தைச் சாப்பிடவில்லை. ராம்குமாரின் தம்பி, 19 வயது கதாதர். கடையில் காசு கொடுத்துப் பொரி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நடந்தே ஜாமாபுகூர் திரும்பிவிட்டார். அந்தத் தம்பிதான் பின்னாளில் ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்சர்!

அன்று உண்ண மறுத்தவரைத்தான் அன்னை தன் மடியிலேயே இருத்திக்கொண்டாள். அவளுடைய லீலையை என்னவென்று சொல்வது!

அடித்தவரையும் காத்த அன்பு

சில மாதங்களில், ராதாகாந்தர் கோயிலில் ஒரு விபரீதம். கிருஷ்ண விக்கிரகத்தை எடுத்துச் சென்றபோது அர்ச்சகர் வழுக்கி விழ, விக்கிரகத்தின் திருவடி உடைந்துவிட்டது. பின்னமான மூர்த்தியைக் கங்கையில் விட்டுவிட்டுப் புதிதாகச் செய்யவேண்டும் என்றார்கள் பண்டிதர்கள். ஆசை ஆசையாக அலங்கரித்துப் பார்த்த கண்ணனைத் தண்ணீரில் போடுவதா? ராசமணி கலங்கினார். மதுர்பாபுவின் யோசனைப்படி, கதாதரைக் கேட்டார்கள்.

ராணியம்மாவின் மாப்பிள்ளைக்குக் கால் முறிந்தால் வைத்தியம் பார்ப்பாரா, இல்லை, தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாப்பிள்ளை தேடுவாரா என்று கேட்டார் கதாதர். அவ்வளவுதான், சகலரும் வாயடைத்துப் போனார்கள். கதாதரே அந்தத் திருவடியை ஒட்டுத் தெரியாமல் சேர்த்துக் கொடுத்தார். சாஸ்திரம் படித்த பலருக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. அதை ஏற்றுக்கொள்ளும் மனசு ராசமணிக்கு இருந்தது.

இன்னொரு நாள். கங்கையில் நீராடிவிட்டு அன்னையின் சந்நிதியில் வந்து அமர்ந்தார் ராசமணி. கதாதரைப் பாடச் சொன்னார். அவரும் உருகிப் பாடிக்கொண்டிருந்தார். பாதியில் சட்டென்று நிறுத்தி, ராசமணியை அடித்துவிட்டார்! இங்கே வந்துமா அந்த நினைப்பு என்று கண்டித்தார்.

கோயிலே அதிர்ந்தது. ஊழியர்கள் ஓடிவந்தார்கள். சம்பளம் வாங்கும் ஓர் அர்ச்சகர், முதலாளியம்மாவை அடிப்பதாவது! ஆனால், ராசமணி அசையவில்லை. ஏனென்றால் அவருக்கு மட்டும் உண்மை தெரியும். பாட்டைக் கேட்காமல், நிலுவையில் இருந்த ஒரு வழக்கைப் பற்றித்தான் மனத்துக்குள் யோசித்துக்கொண்டிருந்தார். அர்ச்சகர்மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவிட்டுவிட்டு எழுந்துபோனார்.

நாமும் கோயிலுக்குப் போகிறோம். தீபாராதனை காட்டும்போது, அடுப்பில் வைத்த பாலும், மகனின் பரீட்சையும், நாத்தனார் சொன்ன ஒரு வார்த்தையும் மனசுக்குள் ஓடுகின்றன. நம்மை அடித்துத் திருத்த ஒருவர் இல்லை. ராசமணிக்கு இருந்தார். அதை அவமானமாக எண்ணாமல், அனுக்கிரகமாக எடுத்துக்கொண்டதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது.

தேவியின் எட்டு நாயிகைகளில் ஒருவர்தான், அவளுடைய பூஜையைப் பரப்ப ராசமணியாகப் பிறந்தார் என்று ஸ்ரீராமகிருஷ்ணர் சொல்வதுண்டு.

விட்டுப்போன ஒரு கையெழுத்து

கோயில் கட்டினால் போதுமா? தினமும் விளக்கு எரியவேண்டும், அன்னம் படைக்கவேண்டும், விழாக்கள் நடக்கவேண்டும். இதற்காகவே 1855-ல், தினாஜ்பூர் மாவட்டத்தில் 2,26,000 ரூபாய்க்கு நிலச்சொத்து வாங்கினார் ராசமணி. ஆனால், அதை முறைப்படி அன்னையின் பெயருக்கு எழுதிவைக்கும் வேலை மட்டும் தள்ளிக்கொண்டே போயிற்று. எல்லாக் கணக்கையும் காலத்தில் முடிப்பவருக்கு, இது மட்டும் ஐந்து வருடங்களுக்கு மேல் நிலுவையில் நின்றுவிட்டது. படுக்கையில் விழுந்த பிறகுதான், இனி தாமதிக்கக் கூடாது என்று பத்திரத்தை வரவழைத்தார்.

அந்த நாளைத்தான் ஆரம்பத்தில் பார்த்தோம். குமாரியும் கருணாமயியும் முன்பே போய்விட்டார்கள். மிச்சம் இருவர். இளையவள் ஜகதம்பா கையெழுத்திட, மூத்தவள் பத்மமணி போடவில்லை. மகளின் மனசில் என்ன இருந்ததோ... அதை நாம் எடை போடவேண்டாம். பெற்றவளுக்கும் பெண்ணுக்கும் நடுவே சொத்து வந்து நின்றால் எப்படி வலிக்கும் என்பது, அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஊருக்கு எதிராக நிற்க அவரால் முடிந்தது. அரசாங்கத்தைப் பணிய வைக்க முடிந்தது. சாஸ்திரத்துக்குள் வழி தேட முடிந்தது. பெற்ற மகளின் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்க மட்டும் அவரால் முடியவில்லை!

மறுநாள், பிப்ரவரி 19. அந்திம நேரம் நெருங்க, அவரைக் கங்கைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். எதிரே விளக்குகள் ஏற்றிவைக்கப்பட்டிருந்தன. அவற்றை எடுத்துவிடச் சொன்னார் ராசமணி. அம்மா வருகிறாள், அவளுடைய ஒளியே எங்கும் நிறைந்திருக்கிறது, இந்த வெளிச்சம் இனி எதற்கு என்பது அவருடைய பேச்சாக இருந்தது. சற்று நேரம் கழித்து, அம்மா வந்துவிட்டாயா என்று ஒரு குரல். கூடவே, பத்மா கையெழுத்துப் போடவில்லையே, என்ன ஆகும் அம்மா என்று ஒரு கேள்வி.

அந்தக் கேள்வியை அன்னையின் காலடியில் வைத்துவிட்டு அவர் கண்களை மூடினார்.

கேள்விக்குப் பதில் கிடைத்ததா? அவர் பயந்தது வீண்போகவில்லை. பிற்காலத்தில் வாரிசுகளுக்குள் தகராறு வந்தது. வழக்குகள் நீதிமன்றம் வரை போயின. அதே சமயம், அன்னையும் சும்மா இருந்துவிடவில்லை. மாப்பிள்ளை மதுர்பாபு, 1871-ல் தான் காலமாகும்வரை கோயிலையும் ஸ்ரீராமகிருஷ்ணரையும் கண்ணை இமை காப்பதுபோல் காத்தார். அதற்கடுத்த வருடம் அன்னை சாரதாதேவி அங்கே வந்து சேர்ந்தார். பின்னர் பல ஆண்டுகள், நஹபத்தின் கீழிருந்த சின்னஞ்சிறு அறையில் அவர் வாழ்ந்தார். அதற்கும் பிறகு, நரேந்திரன் என்ற இளைஞர் அந்தப் படியேறி வந்தார். விவேகானந்தராகி உலகையே எழுப்பினார்.

ஒரு கையெழுத்து விட்டுப்போனது உண்மைதான். ஆனால், ஒரு நாள்கூட அன்னைக்குச் சோறு போடாமல் விட்டுவிடக் கூடாது என்ற அந்தத் தாயின் ஆசை பொய்க்கவில்லை. தட்சிணேஸ்வரத்தில் இன்றைக்கும் பவதாரிணிக்கு அன்ன நைவேத்தியம் நடக்கிறது. வருகிற பக்தர்களில் எந்தக் குலம் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கோயிலுக்குப் போகும் ஆகாய நடைபாதை 2018-ல் திறக்கப்பட்டபோது, அதற்கும் ராணி ராசமணியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். யாத்ரிகர்களுக்கு வழி போட்டுக் கொடுத்தவர் பெயரில் ஒரு வழி!

நம் வீட்டிலும் இப்படி ஏதாவது ஒன்று நிலுவையில் இருக்கும். எழுத நினைத்து எழுதாத உயில், பேச நினைத்துப் பேசாத வார்த்தை, மனஸ்தாபத்தோடு தள்ளி நிற்கும் ஒரு பிள்ளை. உடம்பில் தெம்பு இருக்கும்போதே நம்மால் ஆனதைச் செய்துவிடுவோம். முடியாமல் மிச்சம் நிற்பதை, ராசமணியைப்போலவே அம்மாவிடம் சொல்லிவிடுவோம். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.

கொல்கத்தா போகும் பாக்கியம் கிடைத்தால், பவதாரிணியைக் கண்குளிர தரிசித்துவிட்டு, கங்கையைப் பார்த்தபடி அந்தப் படித்துறையில் ஒரு நிமிடம் உட்காருங்கள். அம்மா இல்லாமல் வளர்ந்து, ஊருக்கே அம்மாவாகி, அம்மாவுக்கே வீடு கட்டிய அந்த ராணியை நினைத்துக் கைகூப்புங்கள். அதைவிடப் பெரிய அர்ச்சனை வேறு என்ன இருக்கிறது!